பார்க்காமல் எழுதிய மூன்று எண்கள்

வெள்ளிக்கிழமை பகல்

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்து சுகமாக இருக்கிறாய் என்று உன் கையால் நாலு வரி எழுதினால் எங்களுக்கு நிம்மதி. கர்த்தருடைய கிருபை என்று நான் எழுதியதைப் பார்த்து நீ சிரித்திருப்பாய். போன வருஷம் வரைக்கும் அந்த மாதிரி வரிகளை அம்மாதான் என் கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்ப்பாள். இப்போது நானே எழுதுகிறேன், எழுதும்போது கொஞ்சம் கை கூசத்தான் செய்கிறது. நீ அனுப்பிய முழங்கால் பட்டை வந்து சேர்ந்தது. அம்மா அதை வலிக்காத காலில் போட்டுக்கொண்டு நடக்கிறாள். ஏன் என்று கேட்டால், அந்தக் கால் போனது போச்சு, இதையாவது காப்பாத்திக்கணும்ல என்கிறாள். குளியலறைக் குழாய் இரண்டு மாதமாக ஒழுகியது, உன் மாமா போன வாரம் வந்து வாஷர் மாற்றிக் கொடுத்தான். நீ ஹீட்டரைப் போட்டுக்கொண்டே தூங்குவதாக அம்மாவிடம் சொன்னாயாம். வேண்டாம், படுக்கும் முன் அணைத்துவிடு, போர்வையை இரண்டாகப் போட்டுக்கொள்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, அது போனில் வராது. போனில் நீ சரிப்பா, சரிப்பா என்பாய், நான் பாதியில் மழை வெயில் பேச ஆரம்பித்துவிடுவேன். அம்மாவிடம் புதன்கிழமை சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு நேராகப் பேசுவதில்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர், ஆனாலும் சுவரைப் பார்த்து, சாப்பாடு மேசை மேல இருக்குன்னு யாராவது சொல்லுங்கப்பா என்கிறாள். நேற்று ஃபேனிடம் என் பிரஷர் மாத்திரையைப் பற்றி விசாரித்தாள். இதை உனக்குச் சிரிப்பதற்காகத்தான் எழுதுகிறேன், ஆனால் வீடு சிரிக்கிற மாதிரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞானஸ்நானம் என்று உனக்குத் தெரியும். முப்பது வருஷம் அம்மாவைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, வண்டி மேலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தவன் நான். போன வருஷம் ஒரு நாள் பெருமழை, ஒதுங்க இடமில்லாமல் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்றைக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது உன் மாமா. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தான் செய்த கவனக்குறைவால் இருபத்து மூன்று பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் படுத்ததையும், தன் வேலை போனதையும், அந்தக் குற்றத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல் விழுந்த இடத்தில் ஆண்டவர் தன்னை மன்னித்து நிறுத்தியதையும் சொன்னான். சபையில் பாதிப்பேர் அழுதார்கள். அதைக் கேட்டு விசுவாசத்துக்கு வந்தவர்கள் அங்கே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது நிஜமும்தான். ஆனால் மற்றவர்களை அந்தச் சாட்சி தொட்டது, என்னைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அந்தத் தவறை அவன் செய்யவில்லை. நான் செய்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், எங்கேயாவது புரியாவிட்டால் இன்னொரு முறை படி. நிலையத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேலை, வேறு வேறு ஷிப்ட். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை நான், இரண்டிலிருந்து இரவு பத்து வரை அவன். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்த தொட்டி ஒன்று இருக்கும், அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாகக் கரைசல் சொட்டுச் சொட்டாகக் குடிதண்ணீரில் விழ வேண்டும். மணிக்கு ஒரு தடவை தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். அந்த நிறத்துக்கு ஒரு எண் உண்டு, அதை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எப்போதும் ஒரே எண்தான் வரும் என்பதால் எங்களில் பலர் அடுத்த இரண்டு மூன்று மணிக்குரியதையும் சேர்த்து முன்னாலேயே எழுதிவிட்டு வெளியே போவோம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஜோசியம். இன்னிக்கு ஜோசியம் எழுதியாச்சா என்று கேட்டுச் சிரித்துக்கொள்வோம். உன் மாமா மட்டும் எழுத மாட்டான். பார்க்காததை எப்படி அத்தான் எழுதுறது என்பான். அவனைப் பள்ளிக்கூடத்துப் பையன் என்று கேலி செய்வோம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு நான் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணிக்கான மூன்று எண்களையும் எழுதிவிட்டுப் பக்கக் கேட் வழியாக வெளியே போனேன். இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது திரும்பி வந்தேன். தொட்டிக் குழாயைப் பார்த்தேன். அடியில் சுண்ணாம்பு அடைத்து, சொட்டு நின்று, குழாயின் வாய் காய்ந்திருந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே போன இரண்டு மணி இருபது நிமிஷத்தில் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். உடனே பம்பை நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டிருக்க வேண்டும். சத்தம் போட்டால் ரிஜிஸ்டரைப் பார்ப்பார்கள், பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் எழுதியிருப்பது பொய் என்று தெரிந்துவிடும். இப்ப அவன் வருவான், வந்ததும் எப்படியும் பார்ப்பான், சரி செய்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். சாவியை அவன் கையில் கொடுத்தேன், போயிட்டு வரேன் என்றேன், வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவன் பார்க்கவில்லை. ஷிப்ட் தொடங்கியதும் குழாயை மூடி, தொட்டியைக் கலக்கி, அரை மணி நேரம் வண்டல் அடங்கக் காத்திருந்து, பிறகு திறப்பதுதான் முறை. அவன் முதல் வேலையாகக் குழாயை மூடினான், அதனால் அது முன்பே நின்றிருந்தது அவன் கண்ணில் படவில்லை. கலக்கினான். பம்ப் ஹவுசிலிருந்து கூப்பிட்டார்கள் என்று பத்து நிமிஷம் முன்னாலேயே திறந்தான். நாலைந்து சொட்டு விழுந்தது, போதும் என்று போய்விட்டான். மூன்று மணிக்குச் சோதித்தபோது மஞ்சளே வரவில்லை. அதற்குள் மருந்தில்லாத தண்ணீர் ஊருக்குள் போய்விட்டது, அதைக் குடித்த பிள்ளைகள்தான் படுத்தார்கள். அடைப்பை எடுத்தான், ரிஜிஸ்டரில் மூன்று மணிக்கு நேராகப் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அன்றைய பக்கத்தில் பதினொன்றரைக்குப் பிறகு அதுவரை எழுதப்பட்டிருந்ததில் உண்மையான எண் அது ஒன்றுதான். அதுதான் அவன் வேலையைத் தின்றது. இரண்டு மணிக்குச் சரியாக இருந்தது மூன்று மணிக்கு இல்லையென்றால் நடுவில் கெடுத்தவன் யார் என்று விசாரணையில் கேட்டார்கள். என்னைக் கூப்பிட்டு, இரண்டு மணிக்கு நீங்களே சோதித்தீர்களா என்றார்கள். சோதித்தேன் என்றேன். உன் மாமா பக்கத்து நாற்காலியில் இருந்தான். அவன் முகத்தில் என் மேல் சந்தேகம் துளிகூட இல்லை. அத்தான் பார்த்தேன் என்றால் பார்த்ததுதான், அப்படியானால் பத்து நிமிஷம் அவசரப்பட்டு வண்டலைக் குழாய்க்குள் விட்டு அடைத்தது தான்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டான். பதினோரு வருஷமாக அதைத்தான் நம்புகிறான். வேலை போய்ப் பிளம்பராக ஆனதும், அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் இன்றைக்கும் காசு வாங்காமல் குழாய் சரிசெய்வதும், சபைக்குப் போனதும் எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தின் மேல் நிற்கிறது.

இனி உனக்கு நான் செய்தது. அந்த வாரம் சாப்பிடும்போது நீ சாதாரணமாகச் சொன்னாய், செவ்வாக்கிழமை மத்தியானம் அப்பா ஸ்கூலுக்கு வந்து ஃபாரத்துல கையெழுத்துப் போட்டாரேம்மா என்று. நான் தலையை நிமிர்த்தாமல், அது திங்கக்கிழமை என்றேன். இல்லப்பா, செவ்வாதான், அன்னைக்குத்தான் கெமிஸ்ட்ரி பரீட்சை என்றாய். நான் உன்னை முறைத்தேன். உனக்குப் பதினேழு வயது, பரீட்சைத் தேதி மறக்கிற பிள்ளை இல்லை நீ. இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியா, எனக்குத்தான் குழம்பிப் போச்சு போல என்றாய். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை, எனக்கு ஞாபக சக்தி கம்மி என்று நீயே உன்னைக் கேலி செய்துகொண்டதைக் கேட்டிருக்கிறேன். உன் ஞாபகம் சரி. அது செவ்வாய்க்கிழமை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளையின் படிப்புக்காகத்தான் போனேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போடக் கால் மணி நேரம் ஆனது. மீதி நேரம் எங்கள் ஆபரேட்டர் ஒருவன் வீட்டில், நாங்கள் மீட்டர் என்று கூப்பிடுவோமே, அவன் வீட்டில் டிவியில் மேட்ச் பார்த்தேன். அதனால் இதில் உன் பங்கு என்று எதையும் நீ எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளாதே.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுக்கிறவர் தனியாகத் தண்ணீரில் இறங்குவதில்லை, சபையார் ஒருவர் துணையாக இறங்கிக் கையைப் பிடித்துக்கொள்வார். முந்தின நாள் அந்தத் துணையிடம் தன் சாட்சியை எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். துணைக்கு யார் என்று போதகர் கேட்டபோது நான் வாயைத் திறக்கும் முன்பே உன் மாமா எழுந்துவிட்டான். அத்தானுக்கு நான் இறங்குறேன், வேற யாரு இறங்குவா என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு அவன் வீட்டில் வாசிக்க வேண்டும். என் பையில் இரண்டு தாள் இருக்கிறது. ஒன்றில் சிகரெட்டை விட்டது, கோபத்தைக் குறைத்தது, மழையில் உள்ளே வந்தது எல்லாம் இருக்கிறது, ஒரு பொய்யும் இல்லை. இன்னொன்றில் இது இருக்கிறது. மீட்டரிடம் கேட்டேன், அன்றைக்கு நான் எங்கெங்கே இருந்தேன் என்று முழுக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் சொன்னான், ஏன்டா, ஒருத்தன் நிம்மதியா குடியிருக்கிற வீட்டுக்கு அஸ்திவாரத்தத் தோண்டிப் பாக்கணும்ங்கிற, அவன் சாமி கும்பிடுறதே அதை வச்சுத்தான், அதையும் புடுங்கிட்டா அவன் எங்க போவான், உனக்கு மனசு லேசாகணும்னு அவன் மனசை உடைக்கிறதா பக்தி. இரண்டு நாளாக இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறேன். அவன் நம்பிக்கை போய்விட்டால் அதுவும் என் கணக்கில்தான் சேரும். ஆனால் அவனுடைய நல்லதுக்காகத்தான் வாயை மூடுகிறேன் என்று சொல்லிப் பார்க்கும்போது, அவன் வந்து சரி செய்துவிடுவான் என்று அன்றைக்கு நினைத்தேனே, அதே ருசிதான் நாக்கில் வருகிறது. அம்மா அடுப்படியிலிருந்து கடுகு டப்பாவிடம், தம்பிகிட்ட முதல்ல சொல்லட்டும், அப்புறம் எங்கிட்ட வரட்டும் என்றாள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம்

வாசித்தேன். இரண்டாவது தாளை. அத்தை வேலைக்குப் போயிருந்தாள், அவன் முன்னறையில் பாய் விரித்து, குழாய்த் துண்டுகளையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவைத்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீ போட்டு வைத்திருந்தான். முதலில் ஜெபம் பண்ணினான், எனக்காக. அதை முடிக்கும் வரை கண்ணை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பிறகு வாசித்தேன்.  முடித்ததும், அந்த ரெண்டு மணிக்குப் பத்து நிமிஷங்கிற வரிய இன்னொரு தடவ வாசிங்க என்றான். வாசித்தேன். சொட்டு கொறஞ்சிருந்துச்சா, நின்னே போயிருந்துச்சா என்று கேட்டான், வேலை சம்பந்தமாகக் கேட்கிற அதே குரலில். நின்னு, வாய் காஞ்சிருந்துச்சு என்றேன். தலையை ஆட்டினான்.  பிறகு, போன மாசம் ஜெபக்கூட்டத்துலகூட அந்தப் பத்து நிமிஷத்த நெனச்சு அழுதேனே அத்தான், பக்கத்துல நீங்கதான உக்காந்திருந்தீங்க, கர்சீப் குடுத்தீங்களே என்றான். ஆமாம் என்றேன். 

எனக்குத் தெரிந்து உன் மாமா குரல் உயர்த்தியதில்லை, இன்றைக்கும் உயர்த்தவில்லை. எழுந்து நின்றுகொண்டு கேட்டான், அப்ப இத்தன வருஷமா நான் எதுக்கு மன்னிப்பு கேட்டேன், எனக்குக் கெடச்சுச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேனே, அது யாரோடது.  வேத வசனம் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தேன், வேணாம், நீங்க எனக்கு வேதம் சொல்லாதீங்க என்றான். நாளைக்கு உங்ககூட தண்ணியில எறங்க என்னால முடியாது என்றான். சரி என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன், கூப்பிட்டான். அந்தத் தாளக் குடுத்துட்டுப் போங்க என்றான். கொடுத்தேன். ஒரு காப்பிகூட என்னிடம் இல்லை. டீ அப்படியே ஆறிப்போய் இருந்தது, இரண்டு டம்ளரும்.

அங்கிருந்து நேராகப் போதகரிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, வேற ஒருத்தரத் துணைக்கு இறக்கலாம், நீங்க மனந்திரும்பிட்டீங்களே என்றார். வேண்டாம் என்றேன். நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். ஞானஸ்நானம் தள்ளிப்போகட்டும், சாட்சியை மட்டும் நாளைக்கே சொல்ல விடுங்கள், அடுத்த வாரம் என்றால் எனக்குத் தைரியம் இருக்காது என்றேன். அவர் சரி என்றார். அவன் வருவானா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

சபையிலிருந்து இப்போதுதான் வந்தேன், உடனே எழுதுகிறேன், ஆறப்போட்டால் அழகாக்கிவிடுவேன். பாட்டு முடிந்ததும் போதகர் என்னைக் கூப்பிட்டார். முன்னால் போய் நின்று திரும்பியபோதுதான் பார்த்தேன், உன் மாமா மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் என் தாள். கையில் தாள் இல்லாமல் நான் பேசினேன், அவன் விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தான். ஜோசியம் எழுதியதைச் சொன்னேன். பக்கக் கேட்டைச் சொன்னேன். மேட்ச் பார்த்ததைச் சொன்னபோது பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவன் சாட்சியால் விசுவாசத்துக்கு வந்தவர்கள் முகங்கள் எல்லாம் எதிரே இருந்தன, ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் என்ற இடம் வந்தது. திரும்பி வந்தபோது குழாயில் சொட்டு ரொம்பக் குறைந்திருந்தது என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, நாக்கு தானாக ஒரு படி கீழே இறங்கிவிட்டது. உன் மாமாவின் விரல் நின்றது. அவன் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே, சபைக்கே கேட்கும்படி, காஞ்சிருந்துச்சு அத்தான் என்றான்.  ஆமாம், காய்ந்திருந்தது, நான் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன் என்றேன். அவன் விரல் அடுத்த வரிக்குப் போனது. அதற்குப் பிறகு முடிவு வரைக்கும் நான் எதையும் குறைக்கவில்லை, அவன் விரலைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். முடித்ததும் அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கடைசி ஜெபத்துக்கு இருக்கவில்லை, எழுந்து போய்விட்டான். அம்மாவும் பின்னாலேயே போனாள். இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறாள், எப்போது வருவாள் என்று சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. நேற்றைய ரொட்டி இருந்தது, சாப்பிட்டேன்.

நான் ஞானஸ்நானம் பெறவில்லை. என்றைக்குப் பெறுவேன் என்றும் தெரியவில்லை, அது பெரிய குறையாக இன்றைக்குத் தோன்றவில்லை. அவன் என்னை மன்னித்துவிட்டான் என்று நினைத்துவிடாதே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவன் விசுவாசம் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. இன்றைக்கு அவன் வந்தான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

நாளைக் காலை நிலையத்து அலுவலகத்துக்குப் போய் இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்போகிறேன், பழைய விசாரணைத் தாளில் அவன் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர் வர வேண்டும். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. மாமா உனக்குப் போன் செய்தால் எனக்காகப் பரிந்து பேசாதே, அப்பாவுக்கு வயசாச்சு, பாவம் என்றெல்லாம் சொல்லாதே, அவன் சொல்வதைக் கேள், திட்டினால் திட்டட்டும். அம்மா அழுதால் ஆறுதல் சொல். என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் அதை எழுது, சரிப்பா என்று மட்டும் எழுதாதே. ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணி போலக் காக்க வேண்டும், நீ போகிற வழியிலும் வருகிற வழியிலும் உனக்கு ஒரு தீங்கும் வராமலிருக்க வேண்டும் என்று தினமும் கேட்கிறேன், என் ஜெபம் இன்னும் அங்கே ஏறுமானால். மறக்காமல் ஒன்று. அலுவலகத்திலிருந்து உன்னிடம் கேட்டு எழுதினாலும் எழுதுவார்கள், அன்றைக்கு அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தது எந்தக் கிழமை, எத்தனை மணி என்று. உனக்கு ஞாபகம் இருக்கிறபடியே சொல். எனக்குச் சாதகமாக ஒரு நிமிஷத்தைக்கூடத் தள்ளிப் போடாதே.

இப்படிக்கு
உன் அப்பா